பால் காய்ச்சியாச்சு... பேப்பர் வந்தாச்சா?

ஹால் டிக்கெட் வந்துடுச்சுன்னு யாராவது ஸ்வீட் கொடுத்துப் பார்த்திருக்கீங்களா? "இதோ பாருங்க சார், நான் பாஸ்!"னு அதையே கேம்பஸ் இன்டர்வியூவுல நீட்டினா ஹெச்.ஆர். எப்படிப் பார்ப்பார்? ஹால் டிக்கெட்ங்கறது பரீட்சை எழுத அனுமதி, அவ்வளவுதான். உள்ளே உட்கார்ந்து என்ன எழுதினோம்ங்கறது, பேப்பர் திருத்தின பிறகு வர்ற மார்க் ஷீட்லதான் தெரியும்.

கட்டடத்துக்கும் இதே மாதிரி ரெண்டு பேப்பர் உண்டு ஃப்ரெண்ட்ஸ். கட்டறதுக்கு முன்னாடி வாங்கறது பிளான் அப்ரூவல். அதுதான் ஹால் டிக்கெட். கட்டி முடிச்ச பிறகு, 'சொன்ன மாதிரியே கட்டியிருக்கீங்க, உள்ளே போகலாம்'னு கொடுக்கறது கட்டட நிறைவுச் சான்றிதழ். அதுதான் மார்க் ஷீட். மேஸ்திரியில இருந்து பேங்க் மேனேஜர் வரைக்கும் எல்லாரும் 'கம்ப்ளீஷன் சர்டிபிகேட்'னுதான் சொல்றாங்க. மும்பை பக்கம் போனா குடியேறுவதற்குத் தனியா 'ஆக்குபன்சி சர்டிபிகேட்', சுருக்கமா ஓ.சி. நம்ம ஊர்ல ஓசின்னா வேற அர்த்தம்ங்கறதால அந்தப் பேரை விட்டுடுவோம்!

போன வாரம் பட்டா, சிட்டா பத்தி எழுதினப்போ, "நிலம் முடிஞ்சது, அடுத்து கட்டடம்தானே பாஸ்?"னு சில பேர் கேட்டாங்க. ஆமா பாஸ், இந்த வாரம் கட்டடம்தான்.

யார் திருத்தற பேப்பர் இது?

தமிழ்நாடு முழுக்க இப்போ ஒரே ரூல் புக்தான். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019. அந்த வருஷம் பிப்ரவரி 4-ம் தேதி வந்தது. அதுக்கு முன்னாடி சென்னைக்கு ஒண்ணு, நகராட்சிக்கு ஒண்ணு, ஊராட்சிக்கு ஒண்ணுன்னு தனித்தனியா இருந்தது.

விஷயம் சிம்பிள். வேலை முடிஞ்சதும் உரிமையாளரும் பதிவு பெற்ற இன்ஜினீயரும் கையெழுத்துப் போட்டு விண்ணப்பிக்கணும். கட்டட அளவைப் பொறுத்து சென்னைப் பெருநகர்ப் பகுதின்னா சி.எம்.டி.ஏ., மத்த மாவட்டங்கள்ல டி.டி.சி.பி., இல்லேன்னா அந்தந்த உள்ளாட்சி அமைப்பு. அதிகாரி வந்து பார்ப்பார். ரோட்டுப் பக்கம் எவ்வளவு இடம் விட்டிருக்கு, பக்கவாட்டுல எவ்வளவு, உயரம் எவ்வளவு, பிளான்ல இருந்த மாடி எத்தனை, நிஜத்துல நிக்கற மாடி எத்தனை, பார்க்கிங்னு காட்டின இடத்துல பைக் நிக்குதா, கடை நிக்குதா, மழைநீர் சேமிப்புக் குழி இருக்கா... இதெல்லாம் பார்த்துத்தான் சான்றிதழ். சான்றிதழ் கட்டாயமான கட்டடத்துக்கு அது இல்லாம நிரந்தர கரண்ட் கனெக்‌ஷனோ தண்ணி கனெக்‌ஷனோ கொடுக்கக் கூடாதுங்கறது விதி. அதுவரைக்கும் கட்டுமான வேலைக்கு வாங்கின டெம்பரவரி கனெக்‌ஷன்தான். வீட்டு கனெக்‌ஷன்ல ரெண்டு மாசத்துக்குக் கிடைக்கற 100 யூனிட் இலவசம் அதுல கிடையாது. யூனிட் ரேட்டும் ஷாக் அடிக்கும்!

குண்டடத்தில் ஒரு மாடி

பல்லடத்துல இருந்து தாராபுரம் போற பஸ்ல ஜன்னலோர சீட் கிடைச்சா குண்டடம் வரைக்கும் போரே அடிக்காது. காத்தாடி மரம் மாதிரி நிக்கற காற்றாலைகள், தேங்காய்ப் பருப்பு காயற களம், கோழிப் பண்ணை, ஸ்பின்னிங் மில் வேன். நடுநடுவே புதுசா பெயின்ட் அடிச்ச ரெண்டு மாடிக் கட்டடம். கீழே கடை, மேலே 'இடம் வாடகைக்கு' போர்டு. திருப்பூருக்குள்ள இடம் கிடைக்காத ஜாப் ஒர்க் யூனிட்டுக்கு இந்த மாதிரி மாடிதான் வசதி. ஆளும் பக்கத்து ஊர்லயே கிடைப்பாங்க.

அப்படி ஒரு மாடி என் பெரியப்பாவோடது. வீடுன்னு அப்ரூவல் வாங்கினது. கீழே குடும்பம், மேலே காலி. மாடியை ஒரு தையல் யூனிட்டுக்கு விடலாம்னு ஐடியா. பவர்டேபிள் பத்து, செக்கிங் டேபிள் ரெண்டு, மீதி இடத்துல துணி ரோல். அவருக்கும் எனக்கும் நடந்த டயலாக் இது:

"பிளான் அப்ரூவல் ஆச்சு, கரண்ட்டு வந்தாச்சு, வரியும் போட்டாச்சு. இன்னும் என்ன பேப்பரு கண்ணு?"

"ஏனுங் பெரியப்பா, அப்ரூவல் வீட்டுக்குத்தானுங்களே?"

"ஆமா."

"வரப்போறது கம்பெனிங்களே?"

"அட, செவுரு அதே செவுருதான சாமி!"

இந்த ஒரு வரியிலதான் இந்த வாரக் கட்டுரையே இருக்கு. செவுரு அதேதான். ஆனா செவுரு எதுக்குன்னு கட்டினோமோ அது மாறிடுச்சே!

விலக்குக்கு மேல் விலக்கு

பெரியப்பா கேட்டதுல ஒரு நியாயம் இருக்கு. அவர் வீட்டுக்கு நிறைவுச் சான்றிதழே தேவையில்லை. 2019 விதிகள் வந்தப்போ 12 மீட்டர் உயரத்துக்குள்ள, மூணு குடியிருப்பு, 750 சதுர மீட்டர்ங்கற அளவுல வீடுகளுக்கு விலக்கு கொடுத்தாங்க. 2024-ல் அதை 14 மீட்டர் உயரம், எட்டு குடியிருப்பு வரைக்கும் தளர்த்தினாங்க. அதே வருஷம் ஜூலை 22-ம் தேதி சுயசான்று திட்டமும் வந்தது. 2,500 சதுர அடி வரைக்கும் மனை, அதுல தரைத்தளம் இல்லேன்னா தரைத்தளமும் ஒரு மாடியுமா 3,500 சதுர அடி வரைக்கும் வீடுன்னா, ஆன்லைன்ல உடனே அனுமதி. கட்டி முடிச்ச பிறகும் நிறைவுச் சான்றிதழ் வேண்டாம். ஒரு சின்ன வீட்டுக்காக மாசக்கணக்கா ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சவங்களுக்கு இது நிஜமாவே பெரிய நிம்மதி. கிண்டல் பண்ண வேண்டிய விஷயம் இல்லை.

சரி, பனியன் கம்பெனிக்கு? 2019 விதிகள்ல எல்லா வகைத் தொழிற்சாலைக் கட்டடத்துக்கும் நிறைவுச் சான்றிதழ்ல விலக்குன்னே எழுதியிருந்தாங்க. ஏன்னா அவங்களுக்கு வேற வாத்தியார் உண்டு. தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தின் கீழ் வந்த தமிழ்நாட்டு விதிகள், கட்டடம் உறுதியா இருக்குன்னு தகுதி பெற்ற ஒருத்தர் ஸ்டெபிலிட்டி சர்டிபிகேட் கொடுக்காம மெஷினை ஓட்டக் கூடாதுன்னு சொல்லிச்சு. அந்த 1948 சட்டம் 2025 நவம்பர் 21-ம் தேதியோட புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள்ள போயிடுச்சு. போகும்போது ஒரு நம்பரும் மாறிச்சு. முன்னாடி மின்சாரத்துல ஓடற இடத்துல பத்து பேர் வேலை பார்த்தாலே 'தொழிற்சாலை'. இப்போ 20 பேர் இருந்தாத்தான்.

இப்போ கூட்டிக் கழிச்சுப் பாருங்க. வீடுங்கறதால நிறைவுச் சான்றிதழ்ல விலக்கு. 20 பேருக்குக் கீழேங்கறதால தொழிற்சாலைக் கணக்கிலயும் வராது. ரெண்டு வாத்தியாரும் 'இது என் கிளாஸ் பையன் இல்லை'ன்னு சொல்ற ஸ்டூடண்ட் மாதிரி அந்த மாடி நடுவுல நிக்குது. வீட்டைத் தொழிலுக்கு மாத்தினா அதுக்குத் தனியா அனுமதி வாங்கணும்ங்கற விதி இருக்கத்தான் செய்யுது. ஆனா வந்து பார்க்கறவங்க யாரும் இல்லாதப்போ அது யாருக்கு ஞாபகம் வரும்?

பத்து ரோல் கணக்கு

சிவில் மூணாவது வருஷத்துல எங்களுக்கு மனப்பாடமான ஒரு புக் உண்டு. ஐ.எஸ். 875, ரெண்டாவது பாகம். எந்த மாதிரி தரை எவ்வளவு பாரம் தாங்கற மாதிரி டிசைன் பண்ணணும்னு சொல்ற இந்தியத் தர நிர்ணயம். வீட்டு ரூமுக்கு ஒரு சதுர மீட்டருக்கு 2 கிலோ நியூட்டன். அதாவது சுமார் 200 கிலோ. கட்டில், பீரோ, சொந்தக்காரங்க கூட்டம் எல்லாம் இதுக்குள்ள அடங்கிடும். சின்ன மெஷின் ஓடற தொழிற்கூடம்னா அதே சதுர மீட்டருக்கு 5 கிலோ நியூட்டன், சுமார் 500 கிலோ. சரக்கு அடுக்கி வைக்கற குடோன்னா குறைஞ்சபட்சமே 7.5. கிட்டத்தட்ட 750 கிலோ.

பெரியப்பாவோட கணக்கு நோட்டுக்குப் பின்னாடியே போட்டுக் காட்டினேன். துணி ரோல் ஒண்ணு 20 கிலோன்னு வெச்சுக்குவோம். ஒரு சதுர மீட்டர்ல பத்து ரோல் அடுக்கினா 200 கிலோ. வீட்டுத் தரைக்குக் கொடுத்த கோட்டா அங்கேயே காலி. மேலே இன்னும் நாலு ரோல் வெச்சா? பக்கத்துல பவர்டேபிள் ஓடினா? அவசர ஆர்டர்னு ஒரு லாரி ரோல் ஒரே ராத்திரியில வந்து இறங்கினா?

உடனே இடிஞ்சு விழும்னு நான் பயமுறுத்த வரலை. எந்த டிசைன்லயும் கொஞ்சம் பாதுகாப்பு மார்ஜின் வெச்சிருப்பாங்க. ஆனா அந்த மார்ஜின் சிமென்ட் கலவை சரியில்லாம போறது, கம்பி இடம் மாறிப் போறது மாதிரி நம்ம கண்ணுக்குத் தெரியாத தப்புக்காக வெச்சது. அதை வாடகைக்கு விடக் கூடாது. சட்டம் விலக்கு கொடுக்கும். புவியீர்ப்பு விசை கொடுக்காது.

நோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துட்டு பெரியப்பா கேட்டது ஒரே கேள்விதான்: "அப்ப கீழ வெச்சா?" அதான் சரியான கேள்வி! மண்ணு மேல உட்கார்ந்திருக்கற தரைக்கு இந்தத் தொல்லை கிடையாது. இப்போதைக்கு போர்டைக் கழட்டிட்டார். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் ஒருத்தர் வந்து தூண், பீம் எல்லாம் பார்த்துச் சொன்ன பிறகுதான், அதுவும் முறைப்படி அனுமதி மாத்தின பிறகுதான், மாடியில ஊசி நூல் ஏறுமாம். மூணு மாச வாடகை போச்சேன்னு பெரியம்மாவுக்கு என் மேல லேசா கோபம். பரவாயில்லை. ஏன் பரவாயில்லைன்னு சொல்றேன்.

எட்டு மாடியும் ஒரு விரிசலும்

திருப்பூர்ல யாரைக் கேட்டாலும் போட்டி நாடுன்னு முதல்ல சொல்றது பங்களாதேஷைத்தான். அதே டி-ஷர்ட், அதே வெளிநாட்டு பையர். அங்கே தலைநகர் டாக்காவுக்குப் பக்கத்துல சவார்ங்கற ஊர்ல ராணா பிளாசான்னு ஒரு எட்டு மாடிக் கட்டடம் இருந்தது. கடைக்கும் ஆபீசுக்கும்னு அனுமதி வாங்கினது. பிறகு அனுமதி இல்லாமலே மாடி மேல மாடி ஏறிச்சு. உள்ளே வந்ததோ கார்மென்ட் கம்பெனிகள். ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள், தையல் மெஷின்கள், துணிக் கட்டுகள், கரண்ட் போனா ஓட பெரிய பெரிய ஜெனரேட்டர்கள்.

2013 ஏப்ரல் 23-ம் தேதி தூண்லயும் சுவர்லயும் விரிசல் தெரிஞ்சது. வந்து பார்த்த இன்ஜினீயர், இது ஆபத்து, எல்லாரும் வெளியேறணும்னு சொன்னார். கீழே இருந்த பேங்க்கும் கடைகளும் மூடினாங்க. கார்மென்ட் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் காலையில வேலைக்கு வரச் சொன்னாங்க. ஏப்ரல் 24. கரண்ட் போச்சு, ஜெனரேட்டர் ஓட ஆரம்பிச்சது. ஒன்பது மணி ஆகறதுக்குள்ள மொத்தக் கட்டடமும் தரைமட்டம். 1,134 பேர் இறந்தாங்க.

அந்த விபத்துக்கு அப்புறம்தான் பையருங்க முழிச்சுக்கிட்டாங்க. அடுத்த மாசமே பெரிய பிராண்டுகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து, சட்டப்படி கட்டுப்படுத்தற ஒரு பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டாங்க. இன்ஜினீயருங்க ஃபேக்டரி ஃபேக்டரியா ஏறி இறங்கித் தூணையும் தரையையும் சோதிச்சாங்க. நம்ம ஊர் ஏற்றுமதி கம்பெனிகள்லயும் ஆடிட்டுக்கு வர்றவங்க கட்டட உறுதிச் சான்று எங்கேன்னு கேட்கறாங்க. பெரிய கம்பெனி தப்பிச்சுக்கும். அதுக்கிட்ட ஜாப் ஒர்க் வாங்கற மாடி வீட்டுக்கு எந்த ஆடிட்டர் வருவார்?

நம்ம மாநிலத்துப் பாடம்

வெளிநாட்டுக் கதைன்னு தள்ளிட முடியாது. 2004 ஜூலை 16, கும்பகோணம். ஒரே கட்டடத்துல ஒண்ணுக்கு மேல பள்ளிக்கூடம், மாடியில கீற்றுக் கொட்டகை, குறுகலான படிக்கட்டு. தீ பிடிச்சப்போ 94 குழந்தைகள் வெளியே வரலை. பள்ளிக்கூடம், காலேஜ் மாதிரி பொது இடங்களுக்கு உரிமம் வாங்கணும்னு தமிழ்நாடு பொதுக் கட்டடங்கள் உரிமச் சட்டம் 1965-லயே வந்துடுச்சு. சட்டம் இருந்தது. மாடி ஏறிப் பார்த்து 'இங்கே பிள்ளைங்க உட்காரக் கூடாது'ன்னு சொல்லி, சொன்னதைச் செய்ய வெச்சவங்க இல்லை.

2014 ஜூன் 28, சென்னைக்குப் பக்கத்துல மௌலிவாக்கம். கட்டிக்கிட்டு இருந்த 11 மாடிக் கட்டடம் மழை நாள்ல சரிஞ்சு 61 பேர் இறந்தாங்க. பெரும்பாலும் வெளியூர்ல இருந்து வந்த கட்டட வேலைக்காரங்க. அதுக்கு சி.எம்.டி.ஏ. அனுமதி இருந்தது! ஹால் டிக்கெட் பக்காவா இருந்தது. பக்கத்துல நின்ன இன்னொரு 11 மாடியை 2016 நவம்பர் 2-ம் தேதி வெடி வெச்சு சில நொடியில தகர்த்தாங்க. அந்த வேலையைச் செய்தது திருப்பூரைச் சேர்ந்த ஒரு நிறுவனம். நம்ம ஊர்க்காரங்களுக்குக் கட்டடம் தகர்க்கவும் தெரியும்!

இடிஞ்சாத்தான் நஷ்டம்னு இல்லை. மும்பை வொர்லியில கேம்பா கோலா வளாகம்னு ஏழு கட்டடங்கள். 1980-கள்ல கட்டினது. அஞ்சு மாடிக்குத்தான் அனுமதி. அதுல ஒண்ணு 20 மாடி வரைக்கும் போச்சு. ஓ.சி. வந்துடும் வந்துடும்னு நம்பி ஜனங்க குடிவந்து, பிள்ளைங்களைப் படிக்க வெச்சு, ரிட்டயரும் ஆகிட்டாங்க. 2013 பிப்ரவரி 27-ல் உச்ச நீதிமன்றம் அனுமதி இல்லாத மாடிகளை இடிக்கத்தான் வேணும்னு சொல்லிடுச்சு. மறு வருஷம் ஜூன்ல கரண்ட், தண்ணி, கேஸ் எல்லாம் கட். தப்பு பண்ணின பில்டர் எப்பவோ வித்துட்டுப் போயிட்டார். இருட்டுல உட்கார்ந்தது காசு கொடுத்து வாங்கின குடும்பங்கள்.

இதுக்குத்தான் 2024 டிசம்பர் 17-ம் தேதி உச்ச நீதிமன்றம் மீரட் நகரத்து வழக்கு ஒண்ணுல நாடு முழுமைக்கும் சில உத்தரவு போட்டது. நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன். சைட்ல அப்ரூவல் ஆன பிளானை எல்லாரும் பார்க்கற மாதிரி மாட்டி வைக்கணும். நிறைவுச் சான்றிதழ் வாங்கின பிறகுதான் கட்டடத்தை ஒப்படைப்பேன்னு பில்டர் உறுதி எழுதிக் கொடுக்கணும். கரண்ட், தண்ணி கனெக்‌ஷன் சான்றிதழைப் பார்த்த பிறகுதான். பேங்க்கும் அதைச் சரிபார்த்த பிறகுதான் கட்டடத்தின் பேர்ல லோன் கொடுக்கணும். தப்பா சான்றிதழ் கொடுத்த அதிகாரி மேல துறை நடவடிக்கை.

அந்தக் கையெழுத்து யாருடையது?

ஆனா கோர்ட் சொன்னது சான்றிதழ் தேவைப்படற கட்டடத்துக்குத்தானே? சின்னக் கட்டடங்களுக்கு விலக்கு வரிசையா வந்துக்கிட்டே இருக்கு. அரசாங்கம் 'நாங்க வந்து பார்க்கலை, உங்களை நம்பறோம்'னு சொல்லுது. யாரை நம்புது? உரிமையாளரையும் பிளான்ல கையெழுத்துப் போடற இன்ஜினீயரையும். ரெண்டு வருஷம் கழிச்சு அந்த இடத்துல உட்காரப் போறது இப்போ கேன்டீன்ல பப்ஸ் சாப்பிட்டுக்கிட்டு இதைப் படிக்கற நாமதான் மச்சி!

பிளானிங், எஸ்டிமேட், டிசைன் எல்லாத்துக்கும் இன்டர்னல் மார்க் உண்டு. கட்டி முடிச்ச கட்டடத்துக்குள்ள போய், டிராயிங்கை ஒரு கையில வெச்சுக்கிட்டு, 'இந்தத் தூண் எங்கே? இந்த ஜன்னல் ஏன் இல்லை? இந்த ரூம்ல என்ன வைக்கப் போறீங்க?'ன்னு கேட்கற பழக்கத்துக்கு மார்க் கிடையாது. அதைச் சொந்தக்காரங்க வீட்ல இருந்தே ஆரம்பிக்கலாம். கொஞ்சம் திட்டு விழும். தாங்கலாம்.

நோட் பண்ணிக்கோங்க பாஸ்!

* அப்பா அம்மா ஃபிளாட் வாங்கறாங்களா? பிளான் அப்ரூவலோட நிறுத்தாதீங்க. நிறைவுச் சான்றிதழ் நகல் கேளுங்க. 'அப்ளை பண்ணியிருக்கோம்'ங்கறது சான்றிதழ் இல்லை.

* அப்ரூவல் பிளானைக் கையில வெச்சுக்கிட்டு மாடியை எண்ணுங்க. எண்றதுக்கு இன்ஜினீயரிங் டிகிரி தேவையில்லை.

* தங்கற ஹாஸ்டல், மேன்ஷன் எதுவானாலும், ரெண்டாவது படிக்கட்டு எங்கேன்னு முதல் நாளே பாருங்க. அது பூட்டியிருக்கான்னும் பாருங்க.

* பார்ட் டைமா மாடி யூனிட்ல வேலையா? சரக்கு ரோல் மேலயா, கீழயா? தூண்லயோ பீம்லயோ புதுசா சாய்வா ஒரு விரிசல் தெரிஞ்சா, பட்டி பார்த்து மூட விடாதீங்க. முதல்ல எல்லாரும் வெளியே வாங்க. அப்புறம் இன்ஜினீயரைக் கூப்பிடுங்க.

* வீட்டு மாடியைத் தொழிலுக்கு விடணும்னா, முன்பணம் வாங்கறதுக்கு முன்னாடி ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் ஒருத்தர்கிட்ட 'எவ்வளவு பாரம் தாங்கும்'னு எழுத்துல வாங்குங்க. ஒரு மாச வாடகையைவிட அது பெரிய செலவா இருந்தாலும் சரி.

அடுத்த வாரம் உங்க கேள்விப்படியே வீட்டு வரி ரசீது. அதுவரைக்கும் உட்கார்ந்திருக்கற கிளாஸ் ரூம்ல தலைக்கு மேல ஒரு தடவை பாருங்க. ஃபேனைச் சொல்லலை, சீலிங்கைச் சொல்றேன்!